ரப்பர்ப் பாலும் அல்பிரூனியின் கெண்டியும்

நாகர்கோவிலுக்கு வடக்கே, தடிக்காரன்கோணத்தைக் கடந்து மலையடிவாரம் நோக்கிச் செல்வோர்க்குக் கீரிப்பாறை எதிர்ப்படும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலும் காளிகேசத்து நீரின் குளிர்ச்சியும் கூடிய அப்பகுதியில், பார்க்கும் இடமெல்லாம் ரப்பர் மரங்களே அணிவகுத்து நிற்கின்றன. 1984ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரசு ரப்பர் கழகத்தின் தோட்டமும் ஆலையும் அங்குள்ளன. பொழுது புலருமுன்பே பால் வெட்டும் தொழிலாளர் விளக்கொளியில் மரத்துக்கு மரம் செல்வர். பட்டையில் சாய்வாக ஒரு கீற்று. அதன் வழியே வடியும் வெண்பாலைத் தாங்க ஒரு சிரட்டை. வெயில் ஏறிய பின் பால் வரத்துக் குறையும் என்பது அவர்களுக்கு எவரும் புத்தகத்தில் வைத்துக் கற்பித்ததன்று. தலைமுறையாகக் கை கண்ட உண்மை.

அத்தோட்டப் பகுதியைச் சேர்ந்த மாணவன் ஒருவனிடம் நாம் ஒருமுறை, “பருப்பொருள் என்றால் என்ன?” என்று வினவினோம். “இடத்தை அடைத்துக்கொள்வதும் எடை உடையதும் பருப்பொருள் எனப்படும்” என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். “அப்படியாயின் காற்று பருப்பொருளா?” என்றோம். தயங்கினான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று எப்படி இடத்தை அடைக்கும் என்பது அவனுக்கு விளங்கவில்லை. பேச்சை மாற்றி, “ரப்பர்ப் பால் எப்படி உறைகிறது?” என்று கேட்டோம். உடனே அவன் முகம் மலர்ந்தது. பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ஆசிட்டை இளக்கி ஊற்றித் தட்டில் வைப்பதையும், மறுநாள் அது வெண்பாளமாய்த் திரண்டு நிற்பதையும், அதனை ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகை போடுவதையும், சிரட்டையில் தங்கிய மிச்சம் தானாகவே உறைந்து ஒட்டுப்பாலாவதையும் வரிசை தவறாமல் சொன்னான். “இவ்வளவும் தெரிந்திருக்கிறாயே! இதுவும் உன் பாடந்தானே?” என்றோம். அவன் சிரித்துவிட்டு, “அது சோலி உஸ்தாத்; பாடம் இல்லல்லா!” என்றான்.

அச்சிறுவனின் மறுமொழி பல நாட்கள் நம்மை விட்டு அகலவில்லை. சோலி வேறு, பாடம் வேறு என்ற இந்தச் சுவரை அவன் எழுப்பவில்லை. நம்மைப் போன்ற ஆசிரியர்கள் எழுப்பியது அது. நாமும் பல்லாண்டுக் காலம் ‘ஒப்பி’ என்பதைத் தவிர வேறு கட்டளை அறியாதவராய்ப் பாடம் நடத்தியவர்களே. ஆனால் நம் முன்னோரின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கின், இந்தச் சுவர் அவர்கள் காலத்தில் இருந்ததில்லை என்பது புலனாகும். அவ்வரலாற்றையும், அதனின்று நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய பயனையும் இங்குச் சுருங்க உரைப்போம்.

சொல்லால் தீராத வழக்கு

பொருள்களின் மூலம் யாது என்ற கேள்வி அரபு மதரஸாக்களில் ஓதியவர்களுக்குப் புதியதன்று. நிஜாமியா பாடத்திட்டத்தில் ஓதப்பெறும் ‘ஹிதாயத்துல் ஹிக்மா’ என்னும் நூலில், பொருள் என்பது ‘ஹயூலா’ எனும் மூலத்தாலும் ‘ஸூரத்’ எனும் வடிவத்தாலும் ஆனது என அஸீருத்தீன் அப்ஹரீ வாதிப்பார். இதற்கு எதிராக, எப்பொருளையும் பிரித்துக்கொண்டே சென்றால் இனிப் பிரிக்கவியலாத ஒரு கூறு எஞ்சும் என்பது கலாம் அறிஞர்களின் கொள்கை. ‘ஜுஸ்உன் லா யதஜஸ்ஸா’ என்று நம் மாணவர்கள் அதனை ஓதுவர். அல்லாமா தப்தாஸானீ (ரஹ்) அவர்கள் தம் ‘ஷரஹுல் அகாயித்’ நூலில் இதற்கொரு சான்று காட்டுவார்கள். முழு உருண்டையான ஒரு பந்தைச் சற்றும் மேடுபள்ளமற்ற தளத்தின்மீது வைத்தால், அது தளத்தைத் தொடும் இடம் மேலும் பிரிக்கவியலாத ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது அச்சான்று.

அதே அறிஞர், இவ்வகைச் சான்றுகள் யாவும் வலுக் குறைந்தவையே என்று அந்நூலிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். இமாம் ராஸீ (ரஹ்) அவர்கள் இவ்விஷயத்தில் தீர்ப்புக் கூறாமல் நிறுத்திக்கொள்வதன் பக்கம் சாய்ந்தார்கள் என்றும் குறிப்பிடுகிறார்கள். இந்நேர்மை போற்றத்தக்கது. சொல்லை மட்டும் வைத்து இவ்வழக்கைத் தீர்க்க இயலாது என்பதை அப்பெரியோர் உணர்ந்திருந்தனர். பின்வந்த நாமோ அந்த வாதத்தையும் மறுவாதத்தையும் மனப்பாடம் செய்து, நூற்றாண்டுக் கணக்கில் ஒப்பித்து வந்தோம். பந்தைத் தளத்தின்மீது வைத்துப் பார்ப்போம், பொருளைத் தராசில் நிறுத்துப் பார்ப்போம் என்ற எண்ணம் வகுப்பறைக்குள் நுழையவில்லை.

கண்ணால் காண விழைந்த நபி

‘ஈமான் உள்ளவர்க்குச் சோதனை எதற்கு?’ என்று கேட்போர் உளர். அவர்கள் அல்பகரா அத்தியாயத்தில் வரும் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். இறந்தோர் உயிர் பெறுவதை நம்பிய அப்பெருமகனார், தம் உள்ளம் அமைதியுறும் பொருட்டு அதனைக் கண்ணால் காட்டுமாறு இறைவனிடம் வேண்டினார்கள். இறைவன் அவ்வேண்டுகோளைக் கடிந்துரைக்கவில்லை. நான்கு பறவைகளைக் கொண்டு செய்து பார்க்கும் முறையையே கற்பித்தான். நம்பிக்கையில் குறையாத ஒரு நபியின் உள்ளமே காட்சியை நாடிற்றென்றால், பத்து வயதுப் பிள்ளையின் உள்ளம் நாடாதா?

இன்னுமொரு நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் மக்கள் பேரீச்ச மரங்களுக்குக் கைகளால் மகரந்தம் சேர்ப்பதைக் கண்டு, அதனைச் செய்யாவிடினும் நன்றாயிருக்கலாம் என்னும் கருத்தில் ஒன்று கூறினார்கள். மக்களும் விட்டுவிட்டனர். அவ்வாண்டு விளைச்சல் குன்றிற்று. செய்தி எட்டியதும், இத்தகைய உலகக் காரியங்களைத் தோப்புக்காரர்களே நன்கறிவர் என்று அண்ணலார் ஏற்றுக்கொண்டார்கள். மரத்தைத் தொட்டு வேலை செய்பவனின் அனுபவ அறிவுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று எது? கீரிப்பாறையில் பால் வெட்டுபவரின் அறிவும் அதே வரிசையில் வைத்து எண்ணத்தக்கதன்றோ?

அல்பிரூனியின் கெண்டி

இந்த மனப்பாங்கில் வளர்ந்தவர்களுள் தலைசிறந்தவர் அபூ ரைஹான் அல்பிரூனி. கி.பி. 973ஆம் ஆண்டில் குவாரிஸ்மில் பிறந்த இவர், இந்தியாவைப் பற்றி 1030ஆம் ஆண்டளவில் எழுதிய பெருநூலால் நம் நாட்டார்க்கு நன்கு அறிமுகமானவர். இவர் உலோகங்கள், மணிக்கற்கள் ஆகியவற்றின் எடைக்கும் பருமனுக்கும் உள்ள விகிதத்தைப் பற்றித் தனியே ஒரு நூல் இயற்றினார்.

ஒரே அளவுள்ள தங்கமும் இரும்பும் ஏன் ஒரே எடையாக இல்லை? இதனை அளக்க வேண்டுமாயின் பொருளின் பருமன் துல்லியமாகத் தெரிய வேண்டும். கோணல்மாணலான ஒரு கல்லின் பருமனை எந்த முழக்கோலால் அளப்பது? அல்பிரூனி கூம்பு வடிவில் ஒரு பாத்திரம் செய்தார். அதன் பக்கத்தில் வளைந்த குழாய் ஒன்று இருந்தது. குழாயின் மட்டம் வரை நீர் நிரப்பிப் பொருளை உள்ளே இட்டால், அது எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு நீர் குழாய் வழியே வெளியேறும். அந்நீரை ஏந்தி நிறுத்துவிட்டால் வேலை முடிந்தது. குழாய் ஒடுங்கியிருந்தால் நீர் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு வெளிவர மறுக்கும், கணக்குப் பிழைக்கும். அதனை உணர்ந்து, நீர் தேங்காதவாறு அவர் அக்குழாயைத் திருத்தி அமைத்தார். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் இடையே எடை வேறுபடுவதையும் கண்டு குறித்தார்.

இப்பாத்திரத்தின் விவரத்தைப் படிக்கும்போது நம் கண்முன் வருவது எது? நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் ஒளுச் செய்வதற்கு வைத்திருந்த கெண்டியே! பக்கத்தில் மூக்குள்ள அந்தப் பாத்திரத்தைத் தினமும் ஐந்து வேளை கையாண்ட சமுதாயம் நாம். அதைக் கொண்டே பொருளின் பருமனை அளக்கலாம் என்பதை நம் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லவில்லை.

அல்பிரூனியின் மற்றொரு சோதனை சுவையானது. மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் உருகிவிடும் என்று அக்காலத்தார் நம்பினர். நூல்களிலும் எழுதி வைத்தனர். அல்பிரூனி வாதத்தில் இறங்கவில்லை. பாம்பின் கழுத்தில் மரகத மாலையைச் சூட்டினார். அதன் கூடையில் மரகதத்தைப் பரப்பினார். கண்முன் ஆட்டியும் காட்டினார். கோடையும் குளிருமாக ஒன்பது மாதங்கள் இதனைச் செய்து பார்த்தும் பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. அதன் பார்வை கூர்மையாகாமல் இருந்தால் சரி என்று நகையாடும் பாங்கில் ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் நூலில் அதனைப் பதிவு செய்தார். ஏட்டில் இருக்கிறது என்பதற்காக எதையும் ஏற்காமல், ஒன்பது மாதம் பொறுத்திருந்து பார்த்த அந்த உள்ளமே ஆசிரியர்க்கு வேண்டிய உள்ளம்.

ஞானத்தின் தராசு

அல்பிரூனியின் அளவுகளைப் பாதுகாத்து மேலும் வளர்த்தவர் மர்வு நகரத்து அப்துர் ரஹ்மான் அல்காஸினீ. இவர் ரோம நாட்டு வழிவந்த அடிமையாக இருந்தவர். இவரைக் கற்பித்து ஆளாக்கியவர் அந்நகரத்துக் கருவூலக் காப்பாளரான எசமானரே. ஹிஜ்ரி 515இல், அஃதாவது கி.பி. 1121-22இல், சுல்தான் ஸன்ஜரின் காலத்தில் ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலை இயற்றினார். ‘ஞானத்தின் தராசு’ என்பது அதன் பொருள்.

ஐந்து தட்டுகள் கொண்ட அத்தராசில், ஒரே பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, அது கலப்பற்றதா அன்றா என்று தீர்மானிக்கலாம். அவருடைய அட்டவணைப்படி, ஒரே பருமனுள்ள நீரைக் காட்டிலும் தங்கம் 19.05 மடங்கும், பாதரசம் 13.56 மடங்கும், ஈயம் 11.32 மடங்கும், இரும்பு 7.74 மடங்கும் கனமுள்ளவை. இக்காலக் கருவிகள் தரும் அளவுகள் முறையே ஏறத்தாழ 19.3, 13.6, 11.34, 7.87. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கையால் செய்த கருவி கொண்டு பெற்ற அளவுகள் இவ்வளவு நெருங்கி நிற்பதை எண்ணி வியக்கிறோம்.

இவ்வளவு பாடு எதற்காக? கடைவீதியில் கலப்படத் தங்கத்தை நல்ல தங்கமென விற்று ஏழையை ஏய்ப்பவனைக் கண்டுபிடிப்பதற்கும் இது பயன்படும். இறைமறை, நேர்வழி நின்ற தலைவர்களும் அறிஞர்களும், தராசு என்னும் மூன்றையும் நீதிக்கு ஆதாரங்களாக வைத்து அல்காஸினீ தம் முன்னுரையில் பேசுகிறார். அளவை நிறுவையில் மோசம் செய்வோரைப் பற்றித் திருமறையில் தனி அத்தியாயமே உண்டு. எனவே பொருளை நிறுத்துப் பார்க்கும் கலை அவருக்கு உலகக் கல்வி என்றோ மார்க்கக் கல்வி என்றோ பிரியவில்லை. அவர் காலத்தில் சோலியும் பாடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

உதட்டால் கண்டவர்

சொல்லால் தீராது நின்ற அந்த ‘பிரிக்கவியலாத கூறு’ வழக்கு பின்னர் எங்கே தீர்ந்தது? அதன் கதை நம்மை மீண்டும் ரப்பரிடமே கொண்டு வந்து சேர்க்கிறது.

இங்கிலாந்தின் வடபகுதியில் கெண்டல் என்றொரு சிற்றூர். அங்கே 1757ஆம் ஆண்டில் பிறந்த ஜான் கஃப் என்பவர் சிறு குழந்தையாயிருந்தபோதே பெரியம்மையால் இரு கண்களையும் இழந்தார். எனினும் தொட்டும் முகர்ந்தும் சுவைத்தும் செடி கொடிகளை இனம் பிரித்து அறியும் ஆற்றல் பெற்றார். கண் பார்வையற்ற ஹாபிழ்கள் ஓதக் கேட்டு வளர்ந்த நமக்கு, இறைவன் ஒரு வாயிலை அடைத்து மறு வாயிலை அகலத் திறப்பது புதுமையன்று.

கஃப் ஒரு ரப்பர்த் துண்டை உதட்டில் வைத்துச் சட்டென இழுத்தார். அது சூடாவதை உதடு உணர்ந்தது. இழுத்ததைச் சுருங்க விட்டதும் குளிர்ந்தது. எடை தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால், மற்றப் பொருள்களைப் போல் நீளாமல் அது சுருங்கி எடையை மேலே தூக்குவதையும் கண்டார். இவற்றை மான்செஸ்டர் இலக்கிய தத்துவக் கழகத்தின் ஏட்டில் 1805ஆம் ஆண்டில் வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின் ஜேம்ஸ் ஜூல் நுண்கருவிகள் கொண்டு அளந்து, அவர் கூற்று மெய்யென நிறுவினார். இருவர் பெயராலும் அப்பண்பு இன்று வழங்குகிறது. கண்ணுள்ள உலகம் காணாததைக் கண்ணில்லாத ஒருவர் உதட்டால் கண்டார்!

இந்தக் கஃபிடம் கணிதமும் மொழிகளும் வானிலை அறிவும் பயின்ற இளைஞர்களுள் ஒருவர் ஜான் டால்ட்டன். ஆசானின் தூண்டுதலால் 1787இல் வானிலைக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கி, 1844இல் தாம் மறையும்வரை எழுதி வந்தவர். பொருள்கள் ஒன்றோடொன்று சேரும்போது எந்த எடைக் கணக்கில் சேருகின்றன என்று ஆராய்ந்த இவர், 1808இல் வெளியிட்ட நூலில் நவீன அணுக் கொள்கையை விளக்கினார். 12 பங்கு எடையுள்ள கரி, 16 பங்கு ஆக்ஸிஜனுடன் சேர்ந்தால் ஒரு வாயு. 32 பங்குடன் சேர்ந்தால் வேறொரு வாயு. இடைப்பட்ட கணக்கில் எவ்வாயுவும் கிடைப்பதில்லை. ஒன்று, இரண்டு என்று முழு எண்ணாகவே ஏறுவதால், பொருள்கள் தனித்தனிக் கூறுகளாகச் சேருகின்றன என்பது விளங்கிற்று. அந்த அணுவும் உட்கூறுகளை உடையது என்பது 1897க்குப் பின் வெளிப்பட்டது தனிக்கதை. சொல்லரங்கில் நின்றுபோன வழக்கு தராசுத் தட்டில் ஏறியதும் நகரத் தொடங்கியது என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்க பாடம்.

ரப்பர் இழுக்கும்போது சூடாவது ஏன் என்பது பிற்காலத்தில்தான் தெளிந்தது. 1920ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர், ரப்பர் போன்றவை பல்லாயிரம் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலிகள் என்றார். பலர் நம்ப மறுத்தனர். 1953இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. சிக்குண்ட நூற்கண்டு போல் சுருண்டு கிடக்கும் அச்சங்கிலிகள் இழுக்கும்போது வரிசைப்படுகின்றன. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. சூடேற்றினால் அவை முன்னிலும் துடித்துச் சுருளுகின்றன. ஆகவே ரப்பர் குறுகுகிறது.

அக்காலத்தில் கஃப் கையில் கிடைத்த ரப்பர் கடல் கடந்து வந்த அரும்பொருள். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்குள்ள கியூ தோட்டத்தில் முளைத்தவற்றுள் பெரும்பகுதி இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு அனுப்பப்பெற்றது. 1902இல் திருவிதாங்கூரின் தட்டேக்காட்டில் வாணிகத் தோட்டம் எழுந்தது. பின்னர் குமரிப் பகுதியின் மலைச்சரிவுகளிலும் அம்மரம் பரவியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் அப்பகுதி தமிழகத்துடன் இணைந்தபோது ரப்பரும் தமிழகத்துச் செல்வமாயிற்று. கஃப் அரிதாகப் பெற்ற அப்பொருள் இன்று கீரிப்பாறைப் பிள்ளையின் வீட்டு முற்றத்தில் கொடியில் காய்கிறது. ஆனால் அதை உதட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லும் ஆசான் கிடைக்கவில்லை.

ஹோஷங்காபாத் தந்த படிப்பினை

கையால் செய்து கற்பிக்கும் முறை நம் நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஏற்குமா என்ற ஐயத்திற்கு விடை ஏற்கெனவே கிடைத்துள்ளது. மாளவத்துச் சுல்தான் ஹோஷங் ஷாவின் பெயரால் வழங்கிய மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கிற்று. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரு அமைப்புகள் அதனைத் தொடங்கின. 1982இல் பிறந்த ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதனை ஏற்று நடத்திற்று.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் நால்வர் நால்வராக அமர்ந்து, எளிய பொருள்களைக் கொண்டு தாமே சோதனை செய்வர். கண்டதை எழுதுவர், மற்றக் குழுவினருடன் ஒப்பிட்டு வாதிடுவர். புத்தகம் கேள்வியைத் தந்ததேயன்றி விடையை அச்சிட்டுக் கொடுக்கவில்லை. தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. 1978இல் அங்கு வந்து தங்கிய பொறியியலாளர் அர்விந்த் குப்தா, கடைவீதியில் வாங்கிய சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சிகளையும் இணைத்து வடிவங்கள் பல செய்து காட்டினார். முக்கோணம் அசையாது நிற்பதையும் சதுரம் சாய்வதையும் பிள்ளைகள் விரலாலேயே உணர்ந்தனர். அந்த டியூப் எதனால் ஆனது? ரப்பரால்தான்!

முப்பது ஆண்டுகளில் பல நூறு பள்ளிகளுக்குப் பரவிய இத்திட்டத்தை 2002ஆம் ஆண்டில் மாநில அரசு நிறுத்திவிட்டது. பொதுத்தேர்வு மதிப்பெண் பற்றிய கவலையும் அதற்குச் சொல்லப்பெற்ற காரணங்களுள் ஒன்று. பெற்றோரின் உள்ளத்தில் வேரூன்றாத கல்வி முறை, எத்துணைச் சிறந்ததாயினும் நெடுநாள் நில்லாது என்பதே நாம் அதிலிருந்து பெறும் படிப்பினை. தமிழகத்திலும் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அது 1987 முதல் வெளியிட்ட ‘துளிர்’ இதழும், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும் இவ்வழியில் எடுத்து வைத்த அடிகளே. அரசும் இயக்கங்களும் வழி திறக்கலாம். அவ்வழியில் பிள்ளையை நடத்திச் செல்ல வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்களே.

நம் இல்லங்களில் செய்யக்கூடியவை

பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு தம்ளரின் அடியில் காகிதத்தைச் சுருட்டித் திணித்து, தம்ளரைத் தலைகீழாக நீரில் நேரே அமிழ்த்தச் சொல்லுங்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் காகிதம் நனைந்திராது. உள்ளிருந்த காற்று தன் இடத்தை நீருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. காற்றும் பருப்பொருள்தான் என்பது அக்கணமே பிள்ளைக்குப் புரியும். பின்பு இலக்கணத்தை ஒப்பிக்கத் தேவையிராது.

ஒரு கெண்டியில் மூக்கு வழியே சொட்டும் வரை நீர் நிரப்பி, சொட்டு நின்றபின் மூக்கின் கீழ்க் கிண்ணம் வையுங்கள். இரும்புப் பூட்டொன்றை நூலில் கட்டி மெல்ல உள்ளே இறக்குங்கள். கிண்ணத்தில் விழும் நீரையும் பூட்டையும் தனித்தனியே நிறுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுக்கட்டும். அல்பிரூனி செய்ததைப் பிள்ளை செய்துவிட்டான்! ஏழு, எட்டு என்ற எண்ணுக்கு அருகில் விடை வராவிடின், எங்கே நீர் சிந்திற்று, எங்கே மூக்கில் ஒட்டிற்று என்று அவனே தேடட்டும். பிழையைத் தேடுவதும் கல்வியே.

உலர்ந்த ரப்பர் ஷீட்டின் துண்டொன்றையும் பழைய டயர்த் துண்டொன்றையும் நீரில் இடச் சொல்லுங்கள். முன்னது மிதக்கும், பின்னது அமிழும். இரண்டும் ரப்பர்தானே, ஏன் இந்த வேறுபாடு என்று அவன் கேட்பான். 1839இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதனை உறுதிப்படுத்தக் கண்டதையும், டயருக்காகக் கரித்தூள் முதலியன சேர்ப்பதையும் அப்போது சொல்லுங்கள். கேள்வி பிறந்த பின் சொல்லும் செய்தி மறவாது.

ரப்பர்ப் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைப்பது பெரியவர்கள் உடனிருந்து செய்ய வேண்டியது. ஆனால் அடுக்களையில் காய்ச்சிய பசும்பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, அது திரிவதைத் தாய் காட்டலாம். நீராய்த் தோன்றிய ஒன்றுக்குள் திடப்பொருள் மறைந்திருந்ததையும், புளிப்பு அதனைத் திரட்டிப் பிரித்ததையும் அங்கேயே விளக்கலாம். ரப்பர்ப் பாலில் நிகழ்வதும் இதற்கு நெருங்கிய உறவே. பெண்மக்கள் அறிவியலுக்குத் தொலைவானவர்கள் என்னும் எண்ணம் கொண்டோர், அடுக்களை என்பதே ஒரு சோதனைச்சாலை என்பதை அறியாதவர்கள்.

நம் மதரஸாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஜுஸ்உன் லா யதஜஸ்ஸா’ என்ற பாடம் நடக்கும் நாளில், ஒரு தராசும் ஒரு கெண்டியும் வகுப்புக்கு வரட்டும். தோட்டப் பகுதிகளில் பால் வெட்டும் தந்தையரை மாதம் ஒருமுறையேனும் பள்ளிக்கு அழைத்து, மாணவர் முன் பேச வையுங்கள். தன் தந்தையின் கைத்திறன் கரும்பலகைக்கு முன்னே நின்று மதிக்கப்பெறுவதைக் காணும் பிள்ளை, அன்று முதல் படிப்பையும் மதிப்பான், தந்தையையும் மதிப்பான். தறியில் நெய்து உண்டவர் என்று போற்றப்பெறும் தக்கலை பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்களை ஞானியாகக் கொண்டாடும் மண் இது. கைத்தொழிலும் மெய்ஞ்ஞானமும் ஒரே மனிதரிடம் கூடியிருந்ததை நம் மக்கள் நன்கறிவர்.

மதிப்பெண் குறையுமே என்று அஞ்சும் பெற்றோர்க்கு ஒன்று சொல்வோம். ஒப்பித்ததைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பிள்ளையைத்தான் இன்று நாம் பெரும்பாலும் காண்கிறோம். செய்து பார்த்த பிள்ளை எழுதச் சற்றுத் தாமதிக்கலாம். ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் திகைக்கமாட்டான். மாலையில் பிள்ளை வீடு திரும்பும்போது, ‘எத்தனை மார்க்கு?’ என்று கேட்கும் முன், ‘இன்று எதைத் தொட்டுப் பார்த்தாய்?’ என்று கேட்டுப் பழகுங்கள். ஹோஷங்காபாத்தில் விட்டுப்போன கண்ணி நம் வீட்டு வாசலில் இணையட்டும்.

அந்தக் கீரிப்பாறைச் சிறுவனை நாம் மறுமுறை கண்டபோது, அகலமான ரப்பர் வளையம் ஒன்றைக் கொடுத்து, உதட்டில் வைத்துச் சட்டென இழுக்கச் சொன்னோம். இழுத்தான், திகைத்தான், மீண்டும் இழுத்தான். “சுடுது உஸ்தாத்!” என்றான். பிறகு நாம் கேளாமலே அதைச் சுருங்க விட்டு, குளிர்வதையும் கண்டு சொன்னான். “இது சோலியா, பாடமா?” என்றோம். அவன் மறுமொழி கூறவில்லை. அந்த வளையத்தைத் திருப்பித் தரவும் மனமின்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் நாவுக்கு அளித்த ஓதும் வரத்தை அவர்களின் கைகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.